சித்திர ராமனும் சிந்தைக் கோயிலும்

கடவுளைச் சித்திரமாக வரைந்து, அந்தச் சித்திரத்தை நடக்கவும் பேசவும் போர் செய்யவும் விட்டு, குழந்தைகள் கைகொட்டிக் களிக்கும்படி திரையில் காட்டலாமா என்ற வினா, கேட்ட மாத்திரத்தில் சிறிய விஷயமாகத் தோன்றினாலும், சற்று நின்று யோசிப்பவனை, விக்கிரகம் என்பது என்ன, அதற்கும் அதை வணங்குகிறவன் மனத்துக்கும் உள்ள சம்பந்தம் என்ன என்ற பழைய பெருவினாவின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. 2025 ஜனவரி 24 அன்று, ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்ற சித்திரப்படம், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, புதிதாகத் துலக்கப்பெற்று, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. சிறு பிராயத்தில் அதைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், இன்று தகப்பனும் தாயுமாகித் தம் மக்களை உடன் வைத்துக்கொண்டு அதையே மறுபடி பார்க்கிறார்கள். எத்தனையோ படங்கள் வந்த சுவடு தெரியாமல் போய்விட்ட இந்த முப்பது ஆண்டுகளில் இந்த ஒன்று மட்டும் வாடாமல் நின்றதற்குப் பால்ய நினைவின் இனிமையைக் காரணமாகச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்பதே என் அபிப்பிராயம்.

இந்தப் படத்தை எடுத்த யூகோ சாகோ என்ற ஜப்பானியர், அலகாபாத்தை அடுத்த பகுதியில் பி.பி. லால் என்ற தொல்லியல் அறிஞர் நடத்திய அகழ்வாராய்ச்சியைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதற்காக 1983-இல் இந்தியாவுக்கு வந்தார். மண்ணுக்குள் கிடந்த சின்னங்களைக் காட்டிலும், அவற்றைத் தேடும்படி அறிஞர்களைத் தூண்டிய கதையே அவர் மனத்தைக் கவர்ந்தது. தம் தாய்மொழியில் கிடைத்த ராமாயணங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தார். அவருடைய ஆவணப்படத்தைப் பற்றி வந்த ஒரு பத்திரிகைச் செய்தி தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டு, அந்நியர் ஒருவர் நம் இதிகாசத்தைத் தம் இஷ்டம்போல் படமாக்கக் கூடாது என்று விசுவ இந்து பரிஷத்திடமிருந்து ஆட்சேபம் வந்தது. அதற்கும் சமாதானம் சொல்லி, இந்தியச் சித்திரப்படக் கலையின் முன்னோடியான ராம் மோகனைத் துணைகொண்டு, இரு நாட்டு ஓவியர்களும் கலைஞர்களுமாக ஏறக்குறைய 450 பேருடைய உழைப்பினால் அவர் எடுத்து முடித்த படம், 1993 ஜனவரியில் தில்லியில் கூடிய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அயோத்திப் பூசல் நாட்டையே உலுக்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் அது. ராமனுடைய பெயரைச் சொல்லும் ஒரு படம் அமைதியாக மக்களிடம் போய்ச் சேருவதற்கு அதைவிடச் சங்கடமான காலம் இருந்திருக்க முடியாது.

நடிகர்களை வைத்து எடுக்காமல் ஏன் வரைந்தீர்கள் என்ற கேள்விக்குச் சாகோ கூறிய விடை, ராமன் தெய்வமாதலால் ஒரு நடிகரைக் காட்டிலும் சித்திரமே அவனைக் காட்டத் தகுந்தது என்பதாகும். அந்நிய நாட்டவர் ஒருவருடைய வாக்கிலிருந்து வந்ததாயினும், நம்முடைய சமய சாஸ்திரத்தின் ஆழத்தைத் தொடுகிற விடை என்று இதைச் சொல்வேன்.

1958-இல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் என்.டி. ராமராவ் ராமனாகத் தோன்றியபோதும், 1987-இல் தூர்தர்ஷன் தொடரில் அருண் கோவில் தோன்றியபோதும், ஜனங்கள் கைகூப்பினார்கள் என்பது உண்மையே. ஆனால் நடிகன் எவ்வளவு தேர்ந்தவனாயினும், அவனுக்கென்று சொந்தமாக ஒரு முகமும், வேறு படங்களில் ஏற்ற வேறு வேஷங்களும், வருஷங்கள் ஏற ஏற நரைக்கிற தலையும் இருக்கின்றன. அவன் ராமனாக நிற்கும்போதும் அவனாகவும் நிற்கிறான். கோட்டினால் ஆன ராமனுக்கோ அந்தக் கதையைத் தவிர வேறு வாழ்க்கை கிடையாது. சாகோவின் படத்தினுடைய பழைய இந்தி வடிவத்தில் ராமனுக்குக் குரல் கொடுத்தவர் அதே அருண் கோவில்தான் என்பதையும் இங்கே கருத வேண்டும்: தேகத்தை விட்டுவிட்டுக் குரல் மட்டும் சித்திரத்துக்குள் புகுந்தபோது, மனிதருக்குரிய அடையாளங்களெல்லாம் கழிந்துபோய் ராமன் மட்டுமே எஞ்சினான்.

இந்தக் கலையின் தொழில்முறையையும் கொஞ்சம் பார்க்கலாம். கண்ணாடிபோன்ற மெல்லிய தாளில் ஓர் உருவத்தை வரைந்து, பின்புறத்தில் வர்ணம் தீட்டி, தனியே எழுதிய காட்டின் மீதோ கடலின் மீதோ வைத்துப் படம் பிடிப்பார்கள்; பிறகு கை ஒரு மயிரிழை உயர்ந்ததாக வேறொரு தாள், இன்னும் ஓர் இழை உயர்ந்ததாக மற்றொரு தாள் என்று, திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடும்படி அடுக்கிக்கொண்டே போவார்கள். அநுமன் மகேந்திர மலையினின்று எழும்பிக் கடலைத் தாவுகிற சில விநாடிகளுக்குப் பின்னால் பல நாள் உழைப்பு மறைந்து நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டும் அந்த உருவம் தன்னை மெய்யான மனிதன் என்று ஒருபோதும் சாதிப்பதில்லை. மூக்குக்கு ஒரு கோடு, புருவத்துக்கு ஒரு கோடு என்று நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைப் பார்க்கிறவனிடம் விட்டுவிடுகிறது. நடிகரைப் பறக்கவிட்ட பழைய புராணப் படங்களில் அன்று அதிசயமாகத் தோன்றிய தந்திரங்கள் இன்று சிரிப்பை விளைக்கின்றன. மெய் என்று வாதாடியவை பொய் என்று காலத்தால் தீர்ப்பளிக்கப்பட்டுவிட்டன. வழக்கே தொடுக்காத சித்திரத்துக்குத் தோல்வியும் இல்லை, மூப்பும் இல்லை.

இது நமக்குப் புதிய விஷயமும் அன்று. ஆட்டுத்தோலில் உருவம் வெட்டி வர்ணம் பூசி, வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கேற்றி, இரவுக்கு ஒரு பகுதியாக ராமாயணத்தை ஆட்டிக் காட்டிய தோற்பாவைக் கூத்து, நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில், 21 விளக்குகளின் ஒளியில், கம்பனுடைய பாடல்களைப் பாடிப் பொருள் விரித்து நடத்தும் கூத்துக்குச் சில இரவுகளில் மனிதர் எவருமே வராமல் போவதுண்டு. ஆயினும் கூத்து நிற்பதில்லை. தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் ராம ராவண யுத்தத்தைக் காணமுடியாமற்போன காளிக்காகவே அது ஆடப்படுகிறது என்பது ஐதிகம். தெய்வமே நிழற்படம் பார்க்க அமர்ந்திருக்கிறது என்று நம்பிய சமுதாயத்துக்கு, அசையும் சித்திரம் வழிபாட்டுக்கு விரோதமாகப் பட்டிருக்க நியாயம் இல்லை.

வைஷ்ணவ ஆசாரியர்கள் இறைவனுடைய நிலைகளை ஐந்தாக வகுத்து, பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி என்ற நான்கோடு, கல்லிலும் செம்பிலும் எழுந்தருளும் அர்ச்சை நிலையையும் சேர்த்து, எல்லாவற்றிலும் எளிதில் கிட்டுவது இந்தக் கடைசி நிலையே என்று போற்றினார்கள். தன்னைச் சேர்ந்தவர்கள் எந்த வடிவத்தை விரும்புகிறார்களோ அதையே தன் வடிவமாக அவன் மேற்கொள்கிறான் என்ற கருத்தைப் பொய்கையாழ்வார் பாடியிருக்கிறார். அர்ச்சையின் பெருமை அச்சாக ஒத்திருப்பதில் இல்லை. அன்பு வந்து தங்குவதற்கு இடம் கொடுப்பதில் இருக்கிறது.

ஆவடியில் குடியிருக்கிற எனக்கு இந்தத் தத்துவத்தை விளக்கத் தூரதேசம் போகவேண்டிய அவசியம் இல்லை. அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்ற நிலையங்களைக் கடந்தால் வருகிற திருநின்றவூர், பக்தவத்சலப் பெருமாளும் ஏரி காத்த ராமரும் கோயில் கொண்ட ஊர் மட்டும் அன்று. பூசலார் நாயனாருடைய ஊரும் அதுவே. கோயில் கட்டப் பொருள் கிடைக்காத அந்த ஏழை, கல்லையும் மரத்தையும் தச்சரையும் மனத்தினாலேயே சேகரித்து, மனத்துக்குள்ளேயே கோபுரம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் எடுத்த கற்றளிக்கும் அதே நாள் குறிக்கப்பட்டிருக்க, சிவபெருமான் அரசனுடைய கனவில் தோன்றி, நாளை நாம் நின்றவூர்ப் பூசலாருடைய கோயிலில் புகுவதால் உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்று பணித்தார் என்பது, குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் சொல்லும் வரலாறு. கல்லில் எழுந்த கோயிலும் மெய்தான், நினைவில் எழுந்த கோயிலும் மெய்தான். இரண்டையும் ஆலயமாக்கியது ஒரே பக்தி.

இவ்வளவையும் இரண்டு வாக்கியங்களில் அடக்கிவிட்ட ஒரு பாட்டியை நான் அறிவேன். ‘டாங்கி பாக்டரி’ என்று ஊரார் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மகனோடு ஆவடியில் வசிக்கிற அந்த அம்மாள், பேரனைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “பாட்டி, ராமர் நெஜமாவே இப்படித்தான் இருப்பாரா?” என்று பையன் கேட்டான். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “நீ எப்படி நெனச்சிக்கிறியோ அப்படி இருப்பார்டா கண்ணு. இவங்க இப்படி நெனச்சிருக்காங்க” என்றார். பையனுக்கு அந்த விடை திருப்தியாக இருந்தது, எனக்கும் அப்படியே.

ஆயினும் ஓர் ஆட்சேபம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. பாட்டி வாயால் கதை கேட்ட குழந்தை தன் ராமனைத் தானே படைத்துக்கொண்டதே, இப்போது பிறர் வரைந்து கொடுத்த ஒரே முகம் அதன் மனத்தில் பதிந்து, கற்பனையின் வாசலை அடைத்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. படத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் எழுந்து போய்விட்டால் அந்தத் தீங்கு நேரத்தான் செய்யும். கம்பன் பதினாயிரத்தை ஒட்டிய பாடல்களில் விரித்ததை இரண்டேகால் மணி நேரத்தில் சுருக்கியவர்கள் எத்தனையோ இடங்களை விட்டுத்தான் ஆகவேண்டும். விட்ட இடங்களில்தான் சொல்லுகிறவருக்கு வேலை இருக்கிறது. குடும்பத்தார் பலர் கூடியிருந்து பார்க்கும்போது இந்தப் படம் மிகுதியாகச் சிறப்பதற்கும் இதுவே காரணம்: சிறுவன் இலங்கை எரிவதைப் பார்க்கிறான், தகப்பன் தந்தை சொல்லைக் காத்த மகனைப் பார்க்கிறான், பாட்டி தெய்வத்தைப் பார்க்கிறாள், மூவரும் பேசிக்கொள்ளும்போது ராமாயணம் முழுமை அடைகிறது.

ஆகவே, வரையப்பட்ட ராமனைத் திரையில் காட்டலாமா, வணங்கலாமா என்ற வினாவுக்கு, காட்டலாம், வணங்கவும் செய்யலாம் என்றே விடை சொல்வேன். இந்தப் படத்தை வீட்டில் போட்டுக் காட்டுகிற பெற்றோருக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: கூடவே உட்காருங்கள். வாலியை மறைந்து நின்று கொன்றது நியாயமா, சீதை தீயில் இறங்கியது சரியா என்று குழந்தை என்றைக்காவது கேட்டால், ‘சும்மா படத்தைப் பாரு’ என்று வாயை அடைக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த விடையைச் சொல்லுங்கள். விடை பிடிபடாவிட்டால், பெரிய பண்டிதர்களும் காலங்காலமாக வாதிட்டு வருகிற கேள்வி அது என்ற உண்மையைச் சொல்லுங்கள்.