அந்நியன் கைத் துப்பாக்கி

மயிலாப்பூரிலும் தி. நகரிலும் படித்தவர்களிடையே நான் அடிக்கடி கேட்கும் அபிப்ராயம் ஒன்று: ராணுவத்திடம் விட்டால் ஒரே வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ராணுவப் படகுகளைப் பார்த்தபின் இது இன்னும் உறுதிப்பட்டிருக்கிறது. படகில் ஏற்றியவர்களுக்கு நன்றி சொல்வது நியாயம். ஆனால் மீட்பது வேறு, அடக்குவது வேறு.

போலீஸ்காரனுக்குச் சாதி உண்டு, மைத்துனன் உண்டு, கட்சிக்காரன் சிபாரிசு உண்டு. சிப்பாய் அந்நியன், ஆகவே பாரபட்சமற்றவன் என்கிறோம். எனக்கு இந்த ‘ஆகவே’யில்தான் சந்தேகம். லத்தியை ஓங்கிய கான்ஸ்டபிள் மறுநாள் அதே ஊரில் டீ குடித்தாக வேண்டும். இது பலமான தடையல்ல. 2018இல் தூத்துக்குடியில் போலீஸ் சுட்டு 13 பேர் இறந்ததை இது தடுக்கவில்லை. ஆனால் பின்னர் அருணா ஜெகதீசன் ஆணையத்தால் போலீஸ் அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்ட முடிந்தது. சிப்பாயோ லாரி ஏறிப் போய்விடுகிறான். 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது, பொள்ளாச்சியில் ராணுவம் சுட்டது. இறந்தவர் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகவில்லை. பக்தவத்சலம் ஆட்சிக்கு 1967 தேர்தலில் மக்கள் பதில் சொன்னார்கள். சுட்டவர்களிடம் கேட்க வழியிருக்கவில்லை.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைப்பதை மாஜிஸ்திரேட்டிடமும், எப்படிக் கலைப்பது என்பதை ராணுவ அதிகாரியிடமும் விட்டது. பலப்பிரயோகம் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்றது. 2023இல் வந்த புதிய சட்டத்திலும் இதே ஏற்பாடுதான். நான் வேலை பார்க்கும் பாங்கில் ஒரு காகிதத்தில் இரண்டு கையெழுத்து இருந்தால் இருவரும் பொறுப்பு. இங்கே அழைத்தவர் ‘நான் சுடவில்லை’ என்கிறார். சுட்டவர் ‘அழைத்தார்கள், வந்தேன்’ என்கிறார். ராணுவத்தினர்மேல் வழக்குத் தொடரவும் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

1958ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டம் மாஜிஸ்திரேட்டின் கையெழுத்தையும் நீக்கிவிட்டது. கலவரப் பகுதி என்று அறிவித்த இடத்தில், எச்சரித்துவிட்டு, ஒரு ஹவில்தாரே உயிர் போகும்படி சுடலாம். மணிப்பூரில் இதை எதிர்த்து இரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை உண்ணாவிரதம் இருந்தார். மிதமிஞ்சிய பலப்பிரயோகத்துக்கு அங்கும் விலக்கு இல்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டம் வந்து 58 வருஷங்களுக்குப் பிறகு.

ஒழுங்கு வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்நியனைக் கூப்பிடுகிறவன் ஒழுங்கோடு இன்னொன்றையும் கேட்கிறான்: தன் பொருட்டு நடப்பதைத் தனக்குத் தெரிந்த முகம் செய்யக்கூடாது என்று. மணிப்பூருக்கு இதைச் சம்மதிக்கிற நாம், அடையாற்றில் நம் வீட்டு வாசலில் நடந்தால் சம்மதிப்போமா? மாட்டோம் என்றால், அங்கே சம்மதிக்க நாம் யார்?