பழைய பெட்டியும் புதிய பலகையும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை இரயிலை அறியாதார் நம்மிடையே அரியர். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் அமைந்த அப்பாதையின் நீளம் 46 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் புறப்படும் வண்டி 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறிச் சேர்கிறது. இடையே 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005-இல் யுனெஸ்கோ இப்பாதையை உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. எஞ்சினின் புகையையும் பள்ளத்தாக்கின் அழகையும் பாடாதவர் இல்லை. பயணிகளைத் தாங்கிச் செல்லும் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு. நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது அப்பெட்டிகளைப் பற்றியே.

பல தலைமுறைகளாக இப்பாதையில் ஓடியவை மரப்பெட்டிகள். மரத்துக்கு இவ்வழியைப் போலச் சோதனையான வழி வேறு இருக்க முடியாது. காலையில் சமவெளியின் வெப்பம். நண்பகலில் மலைமூட்டத்தின் ஈரம். மாலையில் மீண்டும் வெப்பம். ஒரே நாளில் பலகை ஊதிப் பருத்துச் சுருங்குகிறது, மூட்டுகள் தளர்கின்றன. சன்னலின் அடிக்கட்டையிலும் கூரையின் ஓரத்திலும் மழைநீர் மெல்ல இறங்குகிறது. கெடுதல் தொடங்கும் இடம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்ணம் பளபளக்கும், உள்ளே மரம் உளுத்திருக்கும். அனுபவமுள்ள தச்சர் கண்ணை நம்புவதில்லை. சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்கிறார். குத்தூசியை அழுத்திப் பார்க்கிறார். ஊசி தடையின்றி இறங்கும் இடத்தில் பலகையை மாற்றியே ஆகவேண்டும்.

இவ்வாறு இந்த ஆண்டு ஒரு பலகை, அடுத்த ஆண்டு ஒரு தூண், பின்னர் இருக்கை, கதவு, கூரை, அடிச்சட்டத்தின் ஒரு பகுதி என்று மாறிக்கொண்டே வருகின்றன. எழுபது, எண்பது ஆண்டுகள் கடந்தபின் முதலில் இருந்த மரத்தில் எவ்வளவு எஞ்சியிருக்கும்? ஒன்றுமே எஞ்சவில்லை என்றாலும் அதனைப் பழைய பெட்டி என்று அழைப்பது முறையாகுமா?

கொங்கு நாட்டு உழவரிடம் இக்கேள்வியை எழுப்பினால் நகைப்பார். குடமும் ஆரக்காலும் வட்டையும் நுகத்தடியும் எத்தனையோ முறை மாறியிருந்தாலும், "இது எங்க அப்பாரு காலத்து வண்டிங்க" என்று அவர் ஐயமின்றிச் சொல்வார். அறிஞர்கள் அவ்வளவு எளிதில் விடவில்லை. ஏதென்சு நகரத்தார் தம் வீரனாகிய தெசியுவின் கப்பலைப் பேணிக் காத்ததையும், இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றியதையும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வாதிட்டதையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் குறித்து வைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயராகிய ஹாப்ஸ் ஒரு சிக்கலைக் கூட்டினார்: கழற்றிப் போட்ட பழைய பலகைகளை எல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து, முன்பிருந்த ஒழுங்கிலேயே மற்றொரு கப்பலாகப் பொருத்தினால், இரண்டில் எது தெசியுவின் கப்பல்?

நமக்கு இது வெறும் சொல்விளையாட்டன்று. அருங்காட்சியகத்தில் நிற்கும் பெட்டி ஒன்று. மரம் அனைத்தும் பழையது. ஆனால் யாரையும் ஏற்றிச் செல்வதில்லை. பாதையில் ஓடும் பெட்டி ஒன்று. மரத்தில் பாதி புதியது. காலைதோறும் மக்களைச் சுமந்து மலையேறுகிறது. இவற்றுள் எது முன்னோர்க்கு உண்மையாயிருக்கிறது? ஓடுகின்ற பெட்டியே என்பது நம் துணிபு. அருங்காட்சியகப் பெட்டியை நாம் இகழவில்லை. பழைய அளவும் அமைப்பும் எவ்வாறு இருந்தன என்று ஐயம் வரும்போது அதனிடம்தான் போய்க் கேட்கவேண்டும். ஓடும் பெட்டியோ ஒவ்வொரு பயணத்திலும் தன் பழைய மரத்தைச் சிறிது சிறிதாக இழந்துகொண்டிருக்கிறது என்பதும் மெய்யே. ஆயினும் பெட்டி செய்யப்பட்டது மனிதரைச் சுமப்பதற்கு அன்றோ?

இங்கே இந்த இரயிலுக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். கல்லாற்றின் பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் செங்குத்தான ஏற்றம் தொடங்குகிறது. பன்னிரண்டு அடி தூரத்துக்கு ஏறக்குறைய ஓரடி உயர்கிறது பாதை. தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை கொண்ட இரு இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் மற்றதன் பல்லுக்கு நேராக அமையாதவாறு அவற்றை இடம்மாற்றி வைத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட். எஞ்சினின் பற்சக்கரம் ஒரு பல்லை விடும்போது மற்றொரு பல்லைப் பிடித்திருக்கும். இவ்வேற்றத்தில் எஞ்சின் முன்னின்று இழுப்பதில்லை; கீழ்ப்புறத்தில் இருந்து தள்ளுகிறது. ஓட்டுநருக்கு முன்வழி தெரியாது. பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு பிரேக்மேன் நிற்கிறார். முதற்பெட்டியின் முகப்பில் நிற்பவர் வழியைப் பார்த்துக் கொடியசைக்க, அக்குறிப்பு பின்னோக்கிச் சென்று எஞ்சினை அடைகிறது. இப்பெட்டிகளின் உயிர் பலகையில் அன்று, அந்தச் சிறு மேடையிலும் அங்கு நிற்கும் மனிதரின் கையிலும் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. அண்மை ஆண்டுகளில் பெரம்பூர் ஐ.சி.எப். தொழிற்சாலை கட்டிய புதிய பெட்டிகளும் இப்பாதைக்கு வந்துள்ளன. பழைய மரத்தை விரும்புவோர்க்கு அது வருத்தமே. எனினும் பழமையின் அழகுக்காக இற்றுப்போன தரையின்மேல் ஒரு குழந்தையை உட்காரவைக்க எவர்க்கும் உரிமையில்லை.

மாறியும் மாறாதிருப்பது எவ்வாறு என்பது நம் விசுவாசத்தோடும் தொடர்புடைய வினாவாகும். உடலின் உயிர்ப்பை நாம் அறிக்கையிடுகிறோம். வாழ்நாள் முழுவதும் உடலின் அணுக்கள் போவதும் வருவதுமாக இருக்க, எந்த உடல் உயிர்க்கும்? புனித அகுஸ்தீனார் ஒரு சிலையை எடுத்துக்காட்டினார். உருக்கிய சிலையை அதே உலோகத்தால் மீண்டும் வார்க்கும்போது, முன்பு கையிலிருந்த துகள் இப்போது காலுக்குப் போயிற்றா என்று சிற்பி கவலைப்படுவதில்லை. புனித தோமா அக்குவினாரோ நெருப்பைச் சுட்டினார். பழைய விறகு எரிந்து தீர்கிறது. புதிய விறகு சேர்கிறது. ஆயினும் எரிவது ஒரே நெருப்பு என்கிறோம். மனிதனும் அவ்வாறே ஒருவனாக நிலைக்கிறான் என்றார் அவர். நீலகிரி எஞ்சினின் அடுப்புக்கு இவ்வுவமை எவ்வளவு பொருந்துகிறது! அவ்வெஞ்சின்களுள் சில நிலக்கரியை விட்டு எண்ணெயால் எரியுமாறு அமைந்தன என்பதை அக்குவினார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இவ்வாறு சொல்வதால் எல்லா மாற்றமும் நன்றென்று ஆகிவிடாது. நன்கு உலராத பச்சை மரத்தைப் பழைய சட்டத்தில் பொருத்திப் பாருங்கள். முதல் வாரத்தில் கச்சிதமாக இருக்கும். கோடையில் அது சுருங்கும். சுருங்கும்போது பக்கத்திலுள்ள பழைய மூட்டையும் பிளந்துவிடும். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப்போடுவது பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை இதனோடு வைத்துப் பார்க்கலாம். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் வளர்ந்தவர்க்கு மரத்தின் இவ்வியல்பு தெரியாமலா இருந்திருக்கும்? பழையதனோடு சேரவேண்டிய புதியது முதலில் காத்திருந்து உலரவேண்டும். அவசரக்காரர்க்கு இது விளங்குவதில்லை.

நேர்மையும் வேண்டும். 1964-இல் வெனிசில் கூடிய வல்லுநர்கள் பழங்கட்டடங்களைச் சீர்செய்வதற்கு வகுத்த நெறிகளுள் ஒன்று நம் கருத்தைக் கவர்கிறது. சேர்க்கும் பகுதி பழையதனோடு இசைந்திருக்க வேண்டும். அதே வேளையில் உற்றுநோக்குவோர்க்குப் புதியதெனத் தெரியவும் வேண்டும். புதுப்பலகைக்குப் பழைய நிறம் பூசி நூற்றாண்டுப் பழமை என்று விளம்பரம் செய்வது பொய்ச்சான்று அன்றி வேறென்ன?

இனி நம் வீட்டுக்கு வருவோம். பங்குதோறும் இன்று நடப்பது என்ன? நூறாண்டு கண்ட ஆலயம் சிறியதாகிவிட்டது, ஒழுகுகிறது, திருவிழா நாளில் மக்கள் வெளியே நிற்கிறார்கள். இவை உண்மையான தேவைகள். எனவே பங்குப் பேரவை கூடுகிறது, இடிப்பதென்று முடிவாகிறது. ஓராண்டில் சலவைக்கல் தரையும் உயர்ந்த கோபுரமும் எழுகின்றன. நன்று. ஆனால் பழைய மரப்பீடம் எங்கே? முழந்தாளிட்டோரின் கைபட்டு வழுவழுப்பான கிராதி எங்கே? அவை விறகுக்கடைக்குப் போயின என்று பின்னர் அறிகிறோம். திருவழிபாட்டில் மாற்றவியலாதவை சில, மாறக்கூடியவை சில என்று பகுத்துக் காட்டியது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1963-ஆம் ஆண்டு ஏடு. மாற்றத்துக்குச் சான்றாக அதனை நாம் அடிக்கடி எடுத்துரைக்கிறோம். அதே ஏடு, விலைமதிப்புள்ள திருப்பொருள்களும் கலைப்படைப்புகளும் விற்கப்படாமலும் பாழாகாமலும் பார்த்துக்கொள்ளுமாறு ஆயர்களைப் பணித்ததை எடுத்துரைப்போர் எத்தனை பேர்?

இடிப்பதே வழி என்று நமக்குத் தோன்றுவதற்கு ஒரு காரணம், சீர்செய்யத் தெரிந்த கைகள் குறைந்துபோனமையே. சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தரும், கூரைமரத்தின் ஒரு துண்டை மட்டும் வெட்டி இணைக்கத் தெரிந்த தச்சரும் கிடைக்காதபோது, பொறியாளர் இடிக்கச் சொல்வதில் வியப்பில்லை. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுமரத்தால் முழுவதும் கட்டுகிறார்கள். அண்மையில் 2013-இல் கட்டினார்கள். அங்கே பழைய மரம் எஞ்சுவதில்லை. மூத்த தச்சரிடம் இளைஞர் கற்கும் தொழில் எஞ்சுகிறது. நம் நாட்டிலும் இதற்கொத்த ஒன்று நிகழ்ந்தது. நீலகிரிப் பாதையின் எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தவை. 2011 முதல் அவ்வகை எஞ்சின்கள் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதியனவாக உருவாயின. நீராவி எஞ்சின்களின் காலம் முடிந்தது என்று உலகம் சொன்னபின்னும், அவற்றைக் கழற்றி மாட்டிச் சீர்செய்த கைகள் அங்கே ஓய்ந்துவிடவில்லை. அதனாலேயே அது கூடிற்று.

ஆகவே அடுத்த முறை பங்குப் பேரவையில் பழைய ஆலயத்தைப் பற்றிய பேச்சு எழும்போது, வரைபடம் கேட்பதற்கு முன்பாக, வயது முதிர்ந்த தச்சர் ஒருவரைக் கூரைமீது ஏற்றலாம். எத்தனை உத்திரங்கள் உளுத்தவை, எத்தனை இன்னும் உறுதியானவை என்று அவர் குத்தூசியால் பார்த்துச் சொல்லட்டும். பங்கின் இளைஞர் இருவர் அவருடன் ஏறிச்சென்று அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பார்க்கட்டும். அதன்பின்னும் இடிக்கத்தான் வேண்டுமெனில் இடிக்கலாம். பழைய பீடத்துக்குப் புதிய ஆலயத்தின் எந்தப் பக்கத்தில் இடம் என்பதை மட்டும் முதல் வரைபடத்திலேயே குறித்துவிட வேண்டும்.