உருத்திர நாமமும் பேரிரைச்சற் பாட்டும்

மாதவச் சிவஞான யோகிகள் அவதரித்த விக்கிரமசிங்கபுரத்திலே, சைவப் பற்றுடைய முதியவர் ஒருவர் எம்மை வினவினார்: "என் பேரன் ‘ஹெவி மெட்டல்’ என்னும் மேனாட்டுப் பேரிரைச்சற் பாட்டைக் கேட்கின்றான். அவற்றிலே மண்டையோடும் பேயும் நரகமுமே பேசப்படுகின்றன. அவன் விரும்பும் ஒரு குழுவின் பெயரோ ‘ருத்ரா’. இது சிவநிந்தை யன்றோ? விலக்கவேண்டாவா?"

வினா சிறிதாயினும் பொருள் பெரிது. ஆதலின் ஈண்டு ஆராயப்படும்.

இவ்விசை இங்கிலாந்தில் தோன்றியது. பர்மிங்ஹாம் நகரத்துப் ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1970-இல் வெளிவந்தது. பெயரை மட்டும் நோக்கினோர் அவரைப் பேய்வழிபாட்டினர் என்றனர். ஆயின், அவர் 1971-இல் வெளியிட்ட ‘ஆஃப்டர் ஃபாரெவர்’ என்னும் பாட்டு, சாவையும் கடவுளையும் நினைத்ததுண்டோ என்று கேட்போரை வினவுவது. 1982-இல் ‘அயர்ன் மெய்டன்’ குழுவினர் 666 என்னும் எண்ணைப் பாடியபோது, அமெரிக்காவிற் சிலர் அவ்விசைத்தட்டுக்களை எரித்தனர். அவ்வெண்ணோ விவிலியத்தின் இறுதி நூலில் உள்ளது. பாட்டோ தீயகாட்சி கண்டு அஞ்சுவான் ஒருவன் கூற்றாக அமைந்தது.

இனி, ‘ருத்ரா’ என்பது 1992-இல் சிங்கப்பூரில் இந்திய வழியினர் தொடங்கிய குழு. 2005-இல் வெளிவந்த அவர்தம் ‘பிரம்மவித்யா’ முதலியன வேதாந்தப் பொருளையே பாடுவன. வடமொழி மந்திரங்களும் அவற்றில் விரவும்.

அற்றேல், அச்சந்தரும் உருவங்களோடு இறைவன் நாமத்தைச் சேர்த்தல் குற்றமன்றோ எனின், அற்றன்று. தலைமாலை பூண்டு சுடுகாட்டில் ஆடும் பெருமானை யன்றோ நாம் வழிபடுகின்றோம்? திருச்சாழலில் ஒருத்தி இக்கோலங்களையே குற்றமாக எடுத்துக் கூற, மற்றொருத்தி அவற்றின் உட்பொருளை விடுத்துரைக்கின்றாள். காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுப் பேய்களைப் பாடித் தம்மையும் பேயென்றே கூறினார். புறக்கோலமே பொருளென்று கொள்வோர்க்கு நம் திருமுறையும் நிந்தையாகவே தோன்றும். தலைமாலை தேவரும் மாய்வர், தான் ஒருவனே மாயான் என்பதைக் காட்டுவது; சுடுகாடு எல்லாம் ஒடுங்குமிடத்தைக் காட்டுவது.

அங்ஙனமாயின் இப்பாட்டனைத்தும் கொள்ளத்தக்கனவோ எனின், அதுவும் அன்று. கூறுவோன் யாவன், கருதியது யாது, முதலும் முடிவும் எவ்வாறு இயைகின்றன என்பன நோக்கியே துணிதல் வேண்டும். நார்வே நாட்டில் இவ்விசையின் கிளையொன்றைச் சார்ந்த சிலர், 1992 முதலாகக் கிறித்தவக் கோயில்களுக்கு எரியூட்டித் தண்டனை யெய்தினர். பிறர் கோயிலாயினும் அச்செயல் தீவினையே. அத்தகைய பகைமையை வளர்க்கும் பாட்டு எதுவாயினும் விலக்கத்தக்கது. சாக்கிய நாயனார் எறிந்த கல் அன்பினால் மலராயிற்று. தக்கன் வேள்வியோ விதிவழி வேட்கப்பட்டும் அன்பின்மையாற் பிழையாயிற்று. கல்லையும் மலரையும் மட்டும் கண்டு தீர்ப்புரைப்பான் இரண்டிடத்தும் தவறுவன்.

‘எடுத்து’ என்னும் ஒரு சொல்லின் பொருட்டு ‘வைரக்குப்பாயம்’ என ஒரு நூலே இயற்றியவர் நம் யோகிகள். பிறர் கொள்கையை முற்றக் கூறிய பின்னரே மறுத்தல் மாபாடியத்தின் நெறி. அவர் ஊரிலே, ஒரு பாட்டை முழுதுங் கேளாது பழித்தல் தகுமோ?

அக்குழுவினரோடு நமக்கு வழக்கு உண்டு. அது முழவைப் பற்றியதன்று, முடிபைப் பற்றியது. அவர் பாடுவது ஆன்மாவும் பிரமமும் ஒரே பொருளெனக் கொள்ளும் வேதாந்தம். நாமோ அத்துவிதம் என்பதற்குப் பிரிப்பின்மை யென்றே பொருள் கொள்கின்றோம். முத்தியினும் ஆன்மா சிவத்தின் தாளை அடைந்து நிற்பதேயன்றிச் சிவமாய் ஒழிவதன்று. இவ்வழக்கைப் பேரனோடு நிகழ்த்துக.

ஆதலின் அம்முதியவர்க்கு யாம் கூறியது இது: "பாட்டை நிறுத்தற்க, அருகில் அமர்ந்து, இதில் என்ன சொல்லுகிறார்கள் என்று கேளுங்கள். பின், உருத்திரன் என்னும் பெயர்க்குப் பொருள் யாதென வினவுங்கள். துன்பத்தை ஓட்டுவோன் என்பதை அவன் அறியானாயின், அதனை இத்துணைக் காலமும் அவனுக்குச் சொல்லாதது யார் குற்றம்?"

முதியவர் மறுமொழி கூறிற்றிலர். அவ்வினா நம்மனைவர்க்கும் உரியது.

திருச்சிற்றம்பலம்.