உற்ற நோயும் ஏற்ற நோயும்

நோன்பு என்னும் சொல்லின் வேர் ‘நோல்’ என்பது. பொறுத்தல், தாங்குதல் என்பனவே அதன் அடிப்படைப் பொருள்கள். ஒருவர் நோன்பு நோற்கிறார் என்று தமிழில் சொல்லும்போது, அவர் ஏதோ ஒன்றைத் தாங்குகிறார் என்பது சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எதைத் தாங்குகிறார், யார் பொருட்டுத் தாங்குகிறார் என்பவை வெளியே நிற்கின்றன. ஓர் இரவும் ஒரு பகலும் மோட்டார் சைக்கிளின் இருக்கையைவிட்டு ஏறத்தாழ இறங்காமலே நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட்டிச் செல்லும் நெடும்பயணம், சமயச் சிந்தனைக்குரிய பொருளாவது இந்த இடத்தில்தான். அதனைத் தவம் என்று சொல்லிக்கொள்வது ஓட்டுநரிடையே உண்டு. அச்சொல் அதற்குப் பொருந்துமா என்று ஆராய்வதற்கு, மலேசியாவின் பகாங் மாநிலத்தில் உள்ள கேமரன் மலையைக் காட்டிலும் உகந்த இடம் அரிது. விரும்பி ஏற்ற வருத்தமும் விரும்பாமலே வந்து சேர்ந்த வருத்தமும் அங்கே ஒரே சாலையில் எதிர்ப்படுகின்றன.

இப்பயணங்களுக்கு உலக அளவில் அளவுகோல் வகுத்திருப்பது அமெரிக்காவின் அயன் பட் அசோசியேஷன் என்னும் அமைப்பு. நெடுநேரம் அமர்ந்தும் தளராத இரும்பு உடல் என்பதையே அதன் பெயர் வேடிக்கையாகக் குறிக்கிறது. அது நடத்தும் பெரும்போட்டி முதன்முதலில் 1984இல் நடந்தது. பதினொரு நாளில் ஏறத்தாழ 11,000 மைல் என்பது இன்று அதன் அளவு. தொடக்கநிலைப் பயணமாகிய சேடில்சோர் 1000 என்பதற்குச் சேணத்துப் புண் என்று பொருள்; 24 மணி நேரத்துக்குள் 1,000 மைல், அதாவது 1,609 கிலோமீட்டர், ஓட்டி முடித்து, எரிபொருள் நிரப்பிய இரசீதுகளையும் சாட்சிகளின் ஒப்பத்தையும் காட்டுவோருக்குச் சான்றிதழ் கிடைக்கும். இந்தியாவில் இதனைப் பெற்றோர் பலர். தீபகற்ப மலேசியாவிலோ, தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாருவரை நீளும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை சுமார் 770 கிலோமீட்டர்தான் என்பதால், அதில் ஒருமுறை போய்த் திரும்பினாலும் கணக்கு நிறைவதில்லை.

வெளியே இருந்து பார்ப்போர் இதை வேகத்தின் வெறி என்று எளிதாகத் தள்ளிவிடுகின்றனர். அது சரியான தீர்ப்பன்று. 1,609ஐ 24ஆல் வகுத்தால் மணிக்கு 67 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் என்னும் நெடுஞ்சாலை வரம்புக்கு உட்பட்டு, நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவருக்கும் உணவுக்கும் உறக்கத்துக்குமாக ஏறத்தாழ எட்டு மணி நேரம் மிஞ்சும். வேகத்தை மறக்கும்படியும், தம் எல்லையை அறிந்து திட்டமிடும்படியும் அவ்வமைப்பே அறிவுறுத்துகிறது. ஆகவே இப்பயணத்தில் சோதிக்கப்படுவது, நிற்கும் நேரத்தை வீணாக்காத ஒழுங்கும், ஒரே நிலையில் இருந்து வரும் உடல் நோவைப் பொறுத்துக்கொள்ளும் ஆற்றலும் ஆகும். அந்த அளவில் நோன்போடு அதற்கு உறவு உண்டு என்பதை மறுக்க இயலாது.

திருக்குறளின் 27ஆம் அதிகாரமாகிய தவம், தன் முதற்குறளிலேயே தவத்தின் வடிவத்தை வரையறுத்துவிடுகிறது. தமக்கு உற்ற நோயைப் பொறுத்தல் அதன் ஒரு பாதி. பிற உயிர்களுக்கு உறுகண், அதாவது துன்பம், செய்யாதிருத்தல் மற்றொரு பாதி. இவற்றுள் ‘உற்ற’ என்னும் சொல் கவனத்திற்குரியது. உறுதல் என்றால் வந்து சேர்தல். அவ்வகையில் அது தேடிச் செல்லாமல் தானே வந்தடைந்த துன்பத்தைக் குறிப்பதாகக் கொள்ளலாம். பரிமேலழகரோ, உணவைச் சுருக்குதல் போன்ற நோன்புகளால் தம் உயிருக்கு வரும் துன்பங்கள் என்று உரை வகுத்து, விரும்பி ஏற்ற நெறியின் விளைவாகவே அதனைக் கண்டார். துறவறவியலில் அமைந்த குறளாதலின் அவருடைய உரை இடத்துக்குப் பொருத்தமானதே. எனினும் சொல்லின் பரப்பு அவ்வுரையோடு முடிந்துவிடுவதில்லை. உற்ற நோய், ஏற்ற நோய் என்னும் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறள் தீர்த்துவைக்காமல் விட்டிருக்க, இரண்டாம் பாதியை மட்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லியிருக்கிறது.

ஏற்ற நோயின்மீது இந்தியச் சமய மரபுகள் பல எச்சரிக்கையோடே இருந்துள்ளன. புத்தர் உடலை ஒடுக்கும் கடுந்தவத்தைச் செய்து பார்த்து, அது விடுதலைக்கு வழியன்று என்று கண்டு, நடுவழியைத் தெரிந்துகொண்டார். பகவத்கீதையின் 17ஆம் அத்தியாயம் தவத்தை மூன்றாகப் பகுத்து, பலன் கருதாது செய்வதைச் சாத்துவிகம் என்றும், மதிப்பும் புகழும் வேண்டிப் பகட்டாகச் செய்வதை இராசசம் என்றும், தன்னையே வதைத்தோ பிறரை அழிக்கவோ மூடப்பிடிவாதத்தால் செய்வதைத் தாமசம் என்றும் பெயரிடுகிறது. சான்றிதழுக்காக இரசீது சேர்க்கும் பயணத்தை இரண்டாவதில் அடைத்துவிடத் தோன்றும். ஆயினும் சாட்சி வேண்டுவதெல்லாம் பகட்டாகிவிடாது. தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுபவரும் ஊரறியவே ஏறுகிறார். விரதக் காப்பு கட்டிக்கொள்வதும் பலரறியச் செய்யும் செயலே. பிறர் கண் தன்னைப் பொய் சொல்லவிடாமல் காக்கிறது என்பதனால் நோன்புக்குச் சாட்சி துணையாகிறது. அந்தக் கண்ணுக்காகவே நோற்கும்போது கதை மாறுகிறது. எங்கே மாறியது என்பதை நோற்பவர் ஒருவரே அறிவார்.

குறளின் இரண்டாம் பாதிக்கு வரும்போது, நெடும்பயண ஓட்டுநர் கடினமான கேள்வியைச் சந்திக்கிறார். உண்ணா நோன்பில் தளர்பவர் தாம் மட்டுமே வீழ்வார். நெடுஞ்சாலையில் கண் அயர்பவர் அப்படி வீழ்வதில்லை. டாசன், ரீட் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுவுள்ளவரின் நிலைக்குத் தாழ்கிறது என்று காட்டியது. மலேசியாவில் 2020இல் திருத்தப்பட்ட சட்டம் ஓட்டுநருக்கு விதித்த எல்லையும் அதே அளவுதான். அந்நாட்டுச் சாலைகளில் உயிரிழப்போருள் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றோர். எதிரே வருபவரும், பின்னால் அமர்ந்திருப்பவரும், இரவெல்லாம் தொலைபேசியைப் பார்த்தபடி வீட்டில் விழித்திருப்பவரும் அந்த நோன்பை நோற்க ஒப்புக்கொண்டவர்கள் அல்லர். எனவே, கணக்கு நிறைவேறும் முன்னே உறக்கம் வந்தால் இறங்கிவிடும் ஆற்றல் இல்லாதவரின் பொறுமை, எவ்வளவு பெரியதாயினும், தவத்தின் பாதியை இழந்ததாகிறது.

இதற்குப் பெரியபுராணத்திலிருந்தே மறுப்பு ஒன்று எழக்கூடும். கயிலையைக் காணப் புறப்பட்ட திருநாவுக்கரசர், காசியைக் கடந்தபின் பாதம் தேயக் கையால் ஊன்றியும், கையும் ஓய்ந்தபின் மார்பால் தவழ்ந்தும், அதுவும் இயலாதபோது உருண்டும் சென்றார் என்றும், முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொன்னபோதும் மறுத்தார் என்றும் சேக்கிழார் பாடுகிறார். நிற்க மறுத்தவரைத் தமிழ்ச் சைவம் போற்றத்தானே செய்கிறது? போற்றுகிறது, ஆனால் அப்பர் எனப்படும் அந்நாவுக்கரசரின் உருண்ட உடல் வழியில் எவ்வுயிரையும் நசுக்கவில்லை. அன்றியும், அவர் கயிலையை அடையவில்லை. வழியில் ஒரு பொய்கையில் மூழ்கும்படி பணிக்கப்பட்டு, திருவையாற்றுக் குளத்தில் எழுந்து, சோழநாட்டிலேயே அக்காட்சியைப் பெற்றார். கடந்த தொலைவு வீணாகவில்லை. அடைய நினைத்த இடம் மட்டும் மாறிப்போயிற்று. தொலைவை மட்டும் எண்ணும் பயணத்துக்கு இக்கதையைத் துணையழைப்பது எளிதன்று.

கேமரன் மலை, தொலைவுக் கணக்குக்கு இயல்பிலேயே பகையானது. நெடுஞ்சாலையிலிருந்து தாப்பாவில் பிரிந்து, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய பாதை, சுமார் 60 கிலோமீட்டருக்குள் சமவெளியிலிருந்து 1,400 மீட்டர் உயரத்துக்குமேல் கொண்டுசெல்கிறது. வளைவுக்கு வளைவு வேகம் குறைவதால், 24 மணிக் கணக்கில் கண்ணாயிருப்பவர் இம்மலையைத் தவிர்த்துவிடுவார். அங்கே ஏறி வருபவர் முதலில் காண்பது, சீப்பால் வாரியதுபோல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் தேயிலைச் சரிவுகளை. 1885இல் வில்லியம் கேமரன் அளந்து குறித்த இப்பகுதியில், 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் ‘போ’ என்னும் தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர்.

அவர்கள் மலாயா வந்த வழியை நினையாமல் அச்சரிவுகளின் அழகை மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணி என்னும் ஆள்கட்டுபவர் தம் ஊருக்கே சென்று உறவுமுறை சொல்லி ஆள் திரட்டி வரும் முறை ஓங்கியது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை அது நீடித்தது. பெரட்டு எனப்படும் விடியற்காலை ஆள்கணக்கும், குளிரில் நனைந்த செடிகளுக்கிடையே கூடையைச் சுமந்தபடி இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுவதும், நிறுவைக்குச் சுமந்து செல்வதும், மறுநாள் மீண்டும் அதுவேயாவதும் அவர்களின் நெடும்பயணம். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் 1942, 1943 ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா இருப்புப்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்டதும் இதே மக்களின் வரலாறே. இன்று கத்தரியும் கொய்யும் இயந்திரமும் கூடையின் இடத்தைப் பெரிதும் எடுத்துக்கொண்டுவிட்டன. வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தோர் அச்சரிவுகளில் வேலை செய்கின்றனர்.

இவர்கள் தாங்கியது தவமா? ‘உற்ற’ என்னும் சொல்லின் நேர்ப்பொருளை மட்டும் பற்றிக்கொண்டால், ஆம் என்றே சொல்ல வேண்டியிருக்கும். வந்து சேர்ந்த துன்பத்தை அவர்களைப்போலப் பொறுத்தவர் எவர்? ஆயினும் அந்த ‘ஆம்’ மிக ஆபத்தானது. ஒருவரின் முதுகில் ஏற்றப்பட்ட சுமையைத் தவம் என்று வேறொருவர் புகழ்ந்துவிட்டால், ஏற்றியவரின் குற்றம் அப்புகழுக்குள் மறைந்துபோகும். குறளின் இரண்டாம் பாதி இங்கே காவலாக நிற்கிறது: பொறுத்தவரைப் பற்றிக் கேட்பதற்குமுன், உறுகண் செய்தவர் யார் என்று அது கேட்கவைக்கிறது. தன் துன்பத்துக்குத் தவம் என்று பெயரிடும் உரிமை, அத்துன்பத்தைத் தாங்குபவருக்கே உண்டு. தோட்டந்தோறும் மாரியம்மனுக்கோ முருகனுக்கோ கோயில் எழுப்பி, கூலிநாள்களுக்கிடையே காப்புக் கட்டி, தீமிதித்து, காவடி எடுத்த மக்கள், தம் நோன்பு எது, தம் கூலிவேலை எது என்பதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருந்தனர் என்று கொள்ள இடமிருக்கிறது. வாரமெல்லாம் வருந்திய அதே உடலை ஒரு நாள் தாமே விரும்பி வருத்தியதில், அவ்வுடல் தம்முடையது என்னும் அறிவிப்பும் அடங்கியிருந்தது.

விரும்பி ஏற்பதன் மதிப்பு இங்கேதான் முழுமையாக விளங்குகிறது. ஏற்ற நோயை எந்த நேரத்திலும் இறக்கிவைக்கலாம். இறக்கிவைக்க இயலும்போதே அதனைத் தொடர்ந்து தாங்குவது நோன்பாகிறது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கு அவ்வுரிமை ஒவ்வொரு எண்ணெய் நிலையத்திலும் இருக்கிறது. கங்காணியின் கையில் பெயர் எழுதிக்கொடுத்தவருக்கு அது எளிதில் வாய்த்ததில்லை. தமக்குள்ள இவ்வுரிமையைச் சான்றிதழின்பொருட்டு மறந்துவிடுபவர், தாம் பெற்ற அரிய பேற்றைக் கைவிடுகிறார்.

பிரிஞ்சாங்குக்கு அப்பால் சுங்கை பாலாஸ் தோட்டத்துக்குச் செல்லும் பாதை, பல இடங்களில் ஒரு வண்டி மட்டுமே செல்லும் அகலமுடையது. ஒருபுறம் சரிவும் மறுபுறம் தேயிலைச் செடிகளுமாக உள்ள வளைவில், கொழுந்து ஏற்றிய லாரி எதிரே இறங்கி வருமானால், வண்டியை ஓரமாக ஒதுக்கி, எந்திரத்தை அணைத்து, ஈரமண்ணில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அது கடக்கும்வரை நிற்க வேண்டும். தாப்பாவில் தொடங்கிய கணக்கு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.