வாய் முந்தட்டும்

நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு ஆனி மகோற்சவம் நடக்கும் நாட்களில் மேளச்சமாவுக்காகவே காத்து நிற்கும் சனம் உண்டு. இரண்டு தவில்கள் ஒன்றையொன்று மடக்கப் பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கும் தவில் பழகும் ஆசை வருவது இயல்பு. ஆசை வந்த கையோடு கைத்தொலைபேசியில் வித்துவான்களின் விரலைப் பார்த்து அப்படியே அடித்துப் பழகுவதுதான் இன்று சுலபமான வழி. அது தலைகீழான வழி என்பது என் வாதம். லயம் முதலில் வாயில் ஏற வேண்டும். கைக்கு இறங்குவது அதன் பிறகு.

இதற்குச் சாட்சி வெகுதூரத்தில், அவுஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் லாண்ட் பகுதியில் இருக்கிறது. கறையான் உள்ளே அரித்துக் கூடாக்கிய யூக்கலிப்டஸ் மரத்தண்டில் செய்யும் நீண்ட ஊதுகுழலை உலகம் டிஜெரிடூ என்கிறது. அங்குள்ள யோல்ங்கு மக்கள் யிடாக்கி என்கிறார்கள். நம் நாதஸ்வரத்தில் இருப்பதுபோல அதில் விரல் வைக்கத் துளைகள் இல்லை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்செடுத்து, அறாமல் ஊத வேண்டும். கேட்பவருக்கு ஒரே ரீங்காரமாகத் தோன்றும். உண்மையில் பாடுபவரோடும் தட்டுக்குச்சிகளோடும் பின்னிச் செல்லும் நுட்பமான தாளம் அது. அந்தத் தாளத்தை யோல்ங்கு மக்கள் அசைகளாக வாயால் சொல்லிக் காட்டிப் பழக்குகிறார்கள். நம் தகதிமி போன்ற சொற்கட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பே இல்லாத இரண்டு மரபுகள் ஒரே முறைக்கு வந்து சேர்ந்திருப்பதுதான் கவனிக்க வேண்டியது.

ஆனால் டிஜெரிடூவை வாசிப்பதே வாய்தானே, நாக்கு அசைவதுதானே அங்கே தாளம், தவிலோ கைவேலை அல்லவா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. தவிலில் சொல்லும் சொல்லுக்கும் வலந்தலையில் விழும் கூடு போட்ட விரலுக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லைத்தான். சொல் கட்டிக் கொடுப்பது அடியை அல்ல, கணக்கை. ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘தகதகிட’ என்றாலும் ஐந்து, ‘தகிடதக’ என்றாலும் ஐந்து. முன்னது இரண்டும் மூன்றும், பின்னது மூன்றும் இரண்டும். இரண்டின் நடையும் வேறு. விரலை மட்டும் பார்க்கிறவருக்கு ஐந்து அடிதான் தெரியும்; சொல்கிறவருக்கு அது எங்கே பிரிகிறது என்பதும் தெரியும். இனி, ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை எண்ணிக்கைக்கு நாலாக வைத்தால் முப்பத்திரண்டு. தகதகிட ஆறு முறை சொன்னால் முப்பது. மீதி இரண்டை எங்கே வைப்பது? கடைசியில் ‘தக’ என்று நிரப்பலாம், நடுவில் கார்வையாக, அதாவது இடைவெளியாக, விட்டும் பார்க்கலாம். மறந்தால், தாளம் தொடங்கும் சமத்துக்கு இரண்டு முந்திப் போய் விழ வேண்டியதுதான். இந்தத் தீர்மானத்தைக் கை ஓடுகிற ஓட்டத்தில் எடுக்க முடியாது. கையால் தாளம் போட்டுக்கொண்டு, முதற்காலத்தில் நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் பிடிபடும்.

சொல்லத் தெரிந்தவரெல்லாம் அடித்துவிடுவாரா? மாட்டார். விரலுக்கு வேண்டிய பயிற்சியை வாய் தந்துவிடாது. ஆனால் பிழை எங்கே இருக்கிறது என்பதை வாய் காட்டிக்கொடுக்கும். சொல்லும்போதே தடுக்கினால் கணக்குப் புரியவில்லை. வாய் ஓடிக் கை தடுக்கினால் விரலுக்குத்தான் சாதகம் போதவில்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் மணிக்கணக்காக அடிப்பவர் பிழையையே உருவேற்றுகிறார். இன்னும் சிலர், 1933இல் பிறந்து 1975இல் மறைந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற தவில் மேதைகளைக் காட்டி, அதெல்லாம் பிறவிக்கொடை என்பார்கள். கொடைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தந்தை விசுவலிங்கமும் தவில் வித்துவான். அப்படி ஒரு வீட்டுப் பிள்ளைக்குத் தவிலைத் தூக்கும் வயது வருமுன்னே சொல் காதில் ஏறியிருக்காதா?

நேரம் இல்லை என்பது கடைசிச் சாட்டு. இதற்கும் டிஜெரிடூவிடமே பதில் உண்டு. அது பற்றிய ஓர் ஆய்வு 2006இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்தது. சுவிற்சர்லாந்தில், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படும் இருபத்தைந்து பேரில் ஒரு பகுதியினரை நாலு மாதம் டிஜெரிடூ ஊதப் பழக்கினார்கள். பெரும்பாலான நாட்களில், நாளுக்கு இருபத்தைந்து நிமிடம் அளவிலான பயிற்சி. ஊதியவர்களுக்கு மூச்சுத்தடையும் பகல்தூக்கமும் குறைந்தன. சிரிக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசுகூட 2017இல் அதற்குக் கிடைத்தது. சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். அது லயம் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் தூக்கத்தின் மூச்சுத்தடையையே குறைக்க அவ்வளவு நேரம் போதுமென்றால், சொற்கட்டு நாக்கில் படிய அது போதாது என்று சொல்வது கடினம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகு கடக்கும் நேரமும் ஏறக்குறைய இருபது நிமிடந்தான். படகில் தவில் வாசிக்க இடம் தர மாட்டார்கள். உதட்டுக்குள் தகதகிட சொல்வதை யார் தடுப்பார்?

ஆகவே ஒரு வேண்டுகோள். திருவிழா மேளத்தை இப்போது எத்தனையோ பேர் காணொளியாக எடுக்கிறார்கள். சமா முடிந்ததும் அந்த வித்துவானிடம் பணிவாகப் போய், சற்று முன் வாசித்த கோர்வையைத் தாளம் போட்டு ஒரு தரம் வாயால் சொல்லித் தருவீர்களா ஐயா என்று கேட்டு, அதையும் பதிந்துகொள்ளுங்கள். பழகுகிற பிள்ளைக்கு முதலில் அந்தப் பதிவைக் கொடுங்கள்.