காலியாகக் கிடந்த அறுபது இடங்கள்

மும்பை மாட்டுங்காவில் தமிழர் நடத்தும் ஒரு நல்ல பள்ளி. வகுப்பில் பிள்ளைகளும் டீச்சருமாக நாற்பது பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளைப் பூட்டியபின் அந்த வகுப்பு கூகுள் மீட்டுக்குப் போகிறது. பணம் கட்டாத கணக்கிலேயே அதில் 100 பேர் உட்காரலாம். நாற்பது போக அறுபது இடம் தினமும் காலி. ரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கேயும் அதே வயதில், அதே பாடத்துக்குக் காத்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள். மும்பையில் எட்டாம் வகுப்பும் அதற்கு மேலும் படிப்பவர்கள் பள்ளிக்குத் திரும்பியது 2021 அக்டோபர் 4-ஆம் தேதி. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் அந்த லிங்க்கைத் தாராவிக்கு அனுப்ப வேண்டும் என்று எத்தனை பள்ளிகள் நினைத்தன? பெற்றோராகிய நாம் எத்தனை பேர் கேட்டோம்?

அதுவரை நம்மிடம் சாக்குகள் இருந்தன. பெஞ்சில் இடமில்லை, கட்டடம் சின்னது, போக்குவரத்துக்குச் சிரமம், ஃபீஸ் கட்டி மாளாது. அத்தனையும் ஒரே வாரத்தில் அடிபட்டுப் போயின. அதற்குப் பிறகும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் தனித்தனித் திரையில்தான் இருந்தார்கள் என்றால், அவர்களைப் பிரித்து வைத்தது பெஞ்ச் அல்ல. சாதியும், அதோடு ஒட்டிக்கொண்ட பணமும்தான். வேறு காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கேட்கிறேன்.

"தாராவிப் பிள்ளையிடம் போன் ஏது?" என்பார்கள். அதில் உண்மை உண்டு. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய நகரங்களிலேயே இணைய வசதி இருந்த வீடுகள் 42 சதவீதம்தான். பத்துக்குப் பத்து அறை, ஐந்து பேர், ஒரே போன். ஊரடங்கு தளர்ந்ததும் அதை அப்பா எடுத்துக்கொண்டு இட்லி விற்கப் போய்விடுவார். இரவு அவர் திரும்பிய பிறகு அக்காவும் தம்பியும் முறை வைத்து வாங்கி, வாட்ஸ்அப்பில் வந்த பாடப் பக்கத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி நோட்டில் எழுதுவார்கள். ஒரு வரி புரியாது. கேட்கலாமென்று போனால், அட்மின் மட்டும்தான் செய்தி அனுப்பலாம் என்று நிற்கும் அந்தக் குரூப். குட்மார்னிங் படங்கள் குவிவதைத் தாங்க முடியாமல் டீச்சர் போட்ட பூட்டு அது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் பிள்ளை வாய் திறக்க முடியாத இடத்தை வகுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாட்டுங்கா வகுப்பின் பதிவு இந்த வீட்டுக்குத்தான் தேவைப்பட்டது, இரவில் ஓடவிட்டுக் கேட்க. சந்தேகம் கேட்க அங்கே ஒரு சிநேகிதியும் தேவைப்பட்டாள்.

சட்டத்தைப் பார்ப்போம். தனியார் பள்ளிகள் நலிந்த பிரிவினருக்கு 25 சதவீத இடம் தர வேண்டும் என்கிறது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மொழிச் சிறுபான்மையினருக்கும் இதே விலக்கு. மகாராஷ்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தங்கிவிட்டவர்களும் அந்தத் தமிழரில் அடக்கம்தானே? தமிழர் என்ற பெயரால் விலக்கு வாங்கி, அதே தமிழரின் பிள்ளைக்கு இடம் தராமல் இருப்பது சட்டத்துக்குச் சரி. மனசாட்சிக்கு?

சதாராவில் பள்ளிக்குப் போன சிறுவன் அம்பேத்கர், உட்காரும் கோணியை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். மாலையில் திரும்பத் தூக்கி வரவேண்டும். வகுப்பைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டார். அம்பேத்கரே இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் கட்டிய ராஜகிருஹம் என்ற வீடு மாட்டுங்காவை ஒட்டிய தாதர் ஹிந்து காலனியில்தான் நிற்கிறது. அவருக்குக் கோணி தனி. நாம் லிங்க்கைத் தனியாக்கினோம். தொட்டால் தீட்டு என்ற மூடநம்பிக்கைக்காவது தொடுவதற்கு ஓர் உடம்பு வேண்டியிருந்தது. திரையில் அதுவும் இல்லை.

இப்போது பள்ளிகளில் கூகுள் கிளாஸ்ரூம் இருக்கிறது, டீம்ஸ் இருக்கிறது. கூட்டுக் கற்றல் என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். ஏற்கெனவே ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளை ஒரே ஆன்லைன் குரூப்பில் போடுவதில் என்ன கூட்டு? சரஸ்வதி பூஜையன்று லேப்டாப்புக்கு வைக்கும் சந்தனமும் குங்குமமும் அந்தக் கருவிக்கு ஒரு புத்தியையும் கொடுத்துவிடாது. யாரை யாரோடு பேசவிடுவது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறோம்.

இந்த ஆண்டே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். செம்பூரில் ஒரு பள்ளி, தாராவியில் ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. இரண்டிலும் ஏழாம் வகுப்பு. இங்கிருந்து ஒருவர், அங்கிருந்து ஒருவர் என்று ஜோடி சேருங்கள். இருவருக்கும் பொதுவாக ஒரு ஷீட். வீட்டில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது நிற்கிறது, யார் பிடிக்கிறார்கள், எத்தனை குடம் என்று ஒரு வாரம் அதில் எழுதட்டும். பாட்சா, தான்சா, வைதர்ணா என்று மும்பைக்கு ஏழு ஏரித் தண்ணீர். கொடுப்பது ஒரே மாநகராட்சி. அப்படியிருக்க இரண்டு வீட்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் சேர்ந்து யோசித்து ஒரே விடைத்தாளாக எழுதட்டும். போன் இல்லாத பிள்ளைக்குப் பள்ளிக் கணினியில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். கணக்கும் குடிமையியலும் இதற்குள்ளேயே வந்துவிடும். இரண்டு டீச்சர்களும் அட்மின் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். பிள்ளைகள் அரட்டை அடிப்பார்கள், அடிக்கட்டும்.

சில பெற்றோர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பேச்சு கெட்டுவிடும், தரம் இறங்கிவிடும் என்பார்கள். என்ன கெடும், எப்படிக் கெடும் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, இரண்டு பள்ளிப் பிள்ளைகளின் காதிலும் விழும்படி அவர்கள் சொல்லட்டும்.