அத்தாவின் ஜீப்பும் நாற்பது பங்கும்

பெற்றோர் விட்டுச் செல்லும் வீட்டையும் நிலத்தையும் பற்றி நம் ஜமாஅத்துகளில் பேசாத நாளில்லை. பயனற்றதென்று எல்லாரும் ஒதுக்கிவைத்த பொருளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அத்தகைய பொருளொன்று நம் இல்லத்தில் கிடந்தது. அதைப் புதுப்பிக்க முனைந்தபோது எழுந்த கேள்விகள் இன்னும் நம்மை விட்டபாடில்லை. அவற்றை வாசகர்கள் முன் வைப்பது தகும் என்று எண்ணுகிறோம்.

திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டை ரோட்டுக்கும் இடையில், வேப்பம்பட்டு ரயிலடிக்கு அப்பால் நம் வீடு. கொல்லையில் ஒரு வேப்பமரத்தடியில் 11 ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது அத்தாவின் மஹிந்திரா ஜீப். 1973-இல் பதிவான வண்டி. அத்தா அதைப் பழையதாகத்தான் வாங்கினார்கள். ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களைப் பழுதுபார்ப்பது அவர்களுடைய தொழில். பெரியபாளையம், பூண்டி, ஊத்துக்கோட்டை என்று மழைக்காலச் சேற்றில் வேறு வண்டிகள் நுழைய மறுத்த ஊர்களுக்கெல்லாம் நான்கு சக்கரமும் இழுக்கும் அந்த ஜீப்தான் போய்வந்தது. பார்வை மங்கிய பின் அத்தா அதை ஓட்டவில்லை, விற்கவும் இல்லை. இரண்டாண்டுகளுக்கு முன் அவர்கள் மௌத்தானார்கள்.

அதைப் புதுப்பித்து லடாக் வரை ஓட்டிச் செல்ல வேண்டும் என்பது நம் ஆசை. அத்தா அந்த வண்டியில் சென்ற மிக நீண்ட பயணம் நாகலாபுரம் வரைதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

வண்டியின் இனத்தைப் பற்றியும் சிறிது சொல்லலாம். சி.ஜே.3பி என்பது அதன் பெயர். 1953-இல் அமெரிக்காவில் வில்லிஸ் நிறுவனம் வெளியிட்டது. புதிய எஞ்சின் முந்தையதைவிட உயரமாக இருந்தமையால் முன்மூடியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதனால் எங்கே நின்றாலும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல் தோன்றும். உரிமம் பெற்று அதை நம் நாட்டில் செய்த நிறுவனம் 1945-இல் தொடங்கியபோது அதன் பெயர் மஹிந்திரா அண்டு முஹம்மது. கூட்டாளியான குலாம் முஹம்மது 1947-இல் பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார்; பின்னர் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948-இல் நிறுவனம் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று பெயர் மாறியது. பங்கு பிரிவதன் கதை அந்த வண்டியின் பிறப்பிலேயே இருந்திருக்கிறது போலும்.

1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது முதல் நம் பகுதியில் இரும்பின் மொழி தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டார். தரைத்தகடு முழுவதும் துருவேறி உதிர்ந்திருந்தது. பட்டை ஸ்பிரிங்குகள் இறங்கியிருந்தன. ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலுள்ள பெட்ரோல் தொட்டியைத் தட்டினால் துகள் கொட்டிற்று. பிரேக்கு, மின்கம்பிகள், ரேடியேட்டர் ஒவ்வொன்றாக மாறின. புதுப்பேட்டைக் கடைகளுக்கு நாம் நடந்த நடை கொஞ்சமன்று. ஒருநாள் அந்தப் பெரியவர், "பாய், இன்னும் கொஞ்சம் மாத்தினா உங்க அப்பா வண்டின்னு சொல்றதுக்கு நம்பர் பிளேட்டுதான் மிஞ்சும்" என்றார். வேடிக்கையாகச் சொன்னதுதான், ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

சட்டம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதியலாம். அடிச்சட்டமும் கூடும் எஞ்சினும் பெருமாற்றம் அடைந்திருக்கலாகாது. ஆனால் அப்படிப் பதிந்தால் அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். மாறாமல் நின்றால் மதிப்பு, ஓடினால் இல்லை என்பது இதன் பொருள். ஓடுவதற்கென்றே வாழ்ந்த வண்டிக்கு இது பொருந்துமா? நாம் சாதாரணப் பதிவையே நாடினோம்.

உலகில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் அறுவர் இரண்டு லேண்ட்ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு 1956 மார்ச்சில் சிங்கப்பூரை அடைந்தனர். அவற்றுள் ஒன்று பின்னாளில் செயின்ட் ஹெலினா தீவில் பாழடைந்து கிடந்தது. அதை மீட்டுச் செப்பனிட்டு, 2019-இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திருப்பி ஓட்டினார்கள். பழைய பயணிகளுள் ஒருவரான டிம் ஸ்லெசருக்கு அப்போது வயது 87. புறப்படும் வேளையில் அவர் நோயுற்றார். அவருடைய இருக்கையில் பேரன் அமர்ந்து சென்றார். இச்செய்தியைப் படித்தபோது நம் ஆசைக்கு ஒரு சான்றிதழே கிடைத்தது போல் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை.

உரிமையாளர் இறந்தால் வண்டியை வாரிசு பெயருக்கு மாற்ற, மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லையென்று எழுதித் தர வேண்டும். நம் குடும்பத்தில் அம்மா, நாம், தம்பி, தங்கை. திருமறையின் அந்நிஸா அத்தியாயம் வகுத்த முறைப்படி, மனைவிக்கு எட்டில் ஒன்று போக, மீதியில் மகளுக்கு ஒன்றென்றால் மகனுக்கு இரண்டு. மொத்தத்தை 40 ஆக்கினால் அம்மாவுக்கு 5, மகன்கள் இருவருக்கும் தலைக்கு 14, மகளுக்கு 7. பழைய இரும்புக் கடைக்காரர் வண்டிக்கு ரூ. 40,000 விலை சொல்லியிருந்தார். பங்கொன்றுக்கு ஆயிரம். தங்கைக்கு ரூ. 7,000 என்று எழுதி உறையிலிட்டு, கையெழுத்திட வேண்டிய தாளோடு எடுத்துச் சென்றோம்.

அவள் தாளைப் படித்தாள். உறையைத் தொடவில்லை. "கையெழுத்துப் போடுறேன் அண்ணா. ஆனா ஒண்ணு கேக்கணும். அந்தக் கடைக்காரர் அத்தாவோட ஜீப்பையா விலை பேசினார்? இரும்பைத்தானே பேசினார். நீங்க எங்கிட்ட வாங்கறது இரும்பா, ஜீப்பா?"

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. பழைய வண்டிகளைச் சேர்க்கும் ஒருவர் அதே ஜீப்பை நின்ற நிலையிலேயே ரூ. 1,60,000-க்குக் கேட்டிருந்தார். அதை நாம் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. நாம் விற்கப் போவதில்லையே, பிறகு அந்த விலை எதற்கு என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லியிருந்தோம். ஓட்டும்போது அத்தாவின் நினைவு, பங்கிடும்போது வெறும் இரும்பு! ஒரு மனிதர் மௌத்தான அந்த நொடியிலேயே அவருடைய பொருள் வாரிசுகள் அனைவருக்கும் உரியதாகிவிடுகிறது. அப்படியானால் நாம் புதுப்பிக்கத் தொடங்கியதே நாற்பதில் பதினான்கு பங்கு மட்டும் நமக்குரிய ஒரு பொருளை. எவரிடமும் நாம் கேட்கவில்லை. செலவு நம்முடையது என்பதால் வண்டியும் நம்முடையதென்று எண்ணிக்கொண்டோம்.

அன்றிரவே அந்த விலையைச் சொல்லிவிட்டோம். தம்பி சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. நின்ற நிலையின் விலையான ரூ. 1,60,000-ஐக் கொண்டே பங்கிடுவதென்று முடிவாயிற்று. தங்கைக்கு ரூ. 28,000.

பெயர் மாற்றமும் பதிவுப் புதுப்பிப்பும் முடிந்து, வண்டியைச் சோதித்துப் பார்க்க ஊத்துக்கோட்டை வரை ஓட்டிச் சென்றோம். கடைத்தெருவில் பஞ்சர்க் கடையொன்றின் முன் அமர்ந்திருந்த முதியவர் எழுந்து வந்து அந்த உயர்ந்த முன்மூடியைத் தடவினார். எண்பலகையைப் படித்தார். "பாய் வரலையா?" என்றார். அத்தா இல்லை என்றோம். அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்னர், பேச்சோடு பேச்சாக, பாய் தம்மிடம் இரண்டு டயர் எடுத்துக்கொண்டு பணம் பிறகு தருவதாகச் சொன்ன கதையைச் சொன்னார். ரூ. 1,800. தம் மகளுக்குத் திருமணம் நடந்த 1996 என்று அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. கேட்பதற்காகச் சொல்லவில்லை என்றும் சொன்னார்; அவருடைய முகத்தைப் பார்த்தபோது அது உண்மையென்றே தோன்றிற்று.

ஜனாஸாவின்போது, அத்தா யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று நாம் அறிவித்திருந்தோம். பள்ளிவாசல் முற்றத்தில் சொன்ன சொல் ஊத்துக்கோட்டைப் பஞ்சர்க் கடைக்கு எப்படி எட்டும்? கடன்பட்டவர் ஒருவருக்குத் தொழவைக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் தயங்கி நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்றதும் நாமெல்லாரும் அறிந்தவையே. ஜீப்பு அங்கே போயிராவிட்டால் அத்தாவின் கழுத்தில் அந்த ரூ. 1,800 கிடந்துகொண்டேயிருந்திருக்கும். பெரியவரின் வேடிக்கைக்கும் அங்கேதான் மறுமொழி கிடைத்தது. பாதி வண்டி புதிது. ஆயினும் அது யாருடையதென்று ஒரு மனிதருக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

திரும்பும் வழியில் நம் நினைவுக்கு வந்தவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்கள். மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைக் கண்டு, தாம் ஏறிச் செல்லும் கழுதையையும் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையையும் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இவர்களுக்குச் சிறியதொன்றே போதுமே என்று உடன் வந்தவர்கள் கேட்டதற்கு, அவருடைய தந்தை தம் தந்தையின் நண்பர் என்றும், தந்தையின் நண்பர்களோடு உறவு பேணுவதே தலைசிறந்த பணிவிடை என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாகவும் விடை சொன்னார்கள். அவர்கள் தம் வாகனத்தைக் கொடுத்தார்கள். நாமோ வாகனத்தைக் காப்பாற்றிக்கொண்டு உறவுகளை மறந்திருந்தோம்.

ரூ. 1,800-ஐ இன்றைய மதிப்பில் எவ்வளவாகக் கொடுப்பது என்று வீட்டில் வாதம் எழுந்தது. தங்கைக்குப் பழைய இரும்பு விலை பேசிய நமக்கு, முதியவருக்குப் பழைய டயர் விலை பேச நாக்கு எழவில்லை. அம்மாதான் தீர்த்தார்கள்: "கடன் ஆயிரத்து எண்ணூறு. அது அத்தா சொத்துலேர்ந்து முதல்ல போகணும். அதுக்கு மேல குடுக்கணும்னா அவங்கவங்க பையிலேர்ந்து குடுங்க. பங்குல கை வெக்காதீங்க." மார்க்க நூல்கள் சொல்வதும் அதுவே.

தங்கை கணக்குத் தாளை மீண்டும் எடுத்தாள். ரூ. 1,60,000-இல் 1,800-ஐக் கழித்து நாற்பதால் வகுத்தாள். பங்கொன்று ரூ. 3,955, தனக்கு ரூ. 27,685 என்று எழுதினாள். லடாக் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போயிருக்கிறது. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஊத்துக்கோட்டைக்குச் செல்கிறோம். அங்கிருந்து பூண்டிப் பக்கத்து ஊர்களுக்கும். அம்மா முன்னிருக்கையில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தாவைத் தெரிந்தவர்கள் எந்தெந்தத் தெருவில் இருக்கக்கூடும் என்று அவர்கள்தாம் வழிகாட்ட வேண்டும்.